தோட்டத்து மணியும் தாத்தாவின் கைக்கடிகாரமும்

கையில் கடிகாரம் கட்டுவது நேரம் பார்ப்பதற்கா, அல்லது மற்றவர்கள் பார்ப்பதற்கா? கைத்தொலைபேசி எல்லார் பையிலும் வந்துவிட்ட இக்காலத்தில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. பழைய கைக்கடிகாரங்களைத் தேடிப்பிடித்து, பழுது பார்த்து, சாவி கொடுத்து, இன்று ஒன்று நாளை ஒன்று எனக் கட்டிக்கொள்ளும் இளைஞர்களைப் பார்த்து, "காசுக்குப் பிடித்த கேடு" என்று முணுமுணுக்கும் பெரியவர்கள் உண்டு. இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று ஒதுங்கிக் கொள்பவர்களும் உண்டு.

சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களை லட்சக்கணக்கில் கொட்டி வாங்குபவர்களைப் பற்றிய பேச்சென்றால் அது சரிதான். ஆனால் புக்கிட் செலம்பாவ், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அலமாரியின் அடியிலிருந்து தாத்தாவின் கடிகாரத்தை எடுத்துத் துடைத்துக் கட்டினால், அந்தச் செயலுக்குப் பொருளே வேறு. ஏனென்றால், ஒரு காலத்தில் அந்தத் தாத்தாவின் நேரம் அவர் கையில் இல்லை.

தோட்டத்தில் நேரம் என்பது மணியோசையாகத்தான் இருந்தது. விடியுமுன் மணி அடிக்கும். எழுந்து, கஞ்சியோ கறுப்புக் காப்பியோ குடித்துவிட்டுப் பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலிக்கு ஆபத்து. வாளியும் உளியுமாகக் காட்டுக்குள் நுழையும்போது இருட்டுக் கலைந்திருக்காது. இதில் துரையின் பிடிவாதம் மட்டுமல்ல, மரத்தின் குணமும் இருக்கிறது. ரப்பர் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருப்பது குளிர்ந்த அதிகாலையில்தான். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். ஆகவே பால் மரம் வெட்டுபவருக்கு அரைமணி நேரத் தாமதம் என்பது மங்கில் தெரியும்.

இந்த நேரக்கணக்கை வைத்திருந்தவர்கள் யார்? துரையும் கிராணியும். மணியை அடிக்கச் சொல்பவர் கடிகாரம் வைத்திருந்தார். மணிக்கு எழுந்தவர்களில் பெரும்பாலோர் வைத்திருக்கவில்லை. மணி ஐந்து நிமிடம் முன்னால் அடித்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், கையில் ஆதாரம் வேண்டும் அல்லவா?

தோட்டத்துக்கு வெளியே, பட்டணத்தில், நேரம் கோபுரத்தின் மேல் இருந்தது. பினாங்கு துறைமுகத்தில் கப்பலை விட்டிறங்கியவர்கள் பார்த்திருக்கக்கூடிய கட்டடங்களில் ஒன்று ஜார்ஜ்டவுன் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்த 1897இல், செல்வந்தர் சியா சென் இயோக் அதை ஊருக்கு வழங்க முன்வந்தார். ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் அது சற்றே சாய்ந்து, இன்றும் அப்படியே நிற்கிறது. சுங்கை பட்டாணியின் மணிக்கூண்டும் அரச குடும்பத்து விழாவுக்குக் கட்டப்பட்டதுதான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக 1936இல் லிம் லியன் தெங் என்பவர் அதை எழுப்பினார். சாமான் வாங்கப் பட்டணம் போன தோட்டத்து மக்கள் அண்ணாந்து நேரம் பார்த்தது இப்படிப்பட்ட கோபுரங்களில்தான். மன்னரின் பெருமைக்குக் கட்டியது, பால் மரம் வெட்டுபவருக்கு பஸ் நேரம் சொன்னது!

கோபுரத்திலிருந்த நேரம் மணிக்கட்டுக்கு இறங்கிய கதை போரில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய ஆண்கள் கடிகாரத்தைச் சட்டைப் பையில் வைத்தார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று ஏளனம் செய்தார்கள். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் அந்த ஏளனம் பதுங்குகுழியிலேயே புதைந்தது. துப்பாக்கியைப் பிடித்த கை, நேரம் பார்க்கப் பையைத் துழாவ முடியுமா? போர் முடிந்து திரும்பியவர்கள் கையில் கட்டிய கடிகாரத்தோடு திரும்பினார்கள்.

தொழிலாளியின் கைக்கு அது வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஜப்பான் இங்கே பெரிய மாற்றத்தைச் செய்தது. 1963இல் சீக்கோ நிறுவனம் 'சீக்கோ 5' என்ற வரிசையைத் தொடங்கியது. சாவி கொடுக்க வேண்டாம், கை அசைவிலேயே ஓடும்; கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரியும்; தண்ணீர் பட்டால் தாங்கும்; விலையும் கைக்கு எட்டும். வியர்வையும் மழையுமாக உழைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1990களில் வந்த சீக்கோ 5 உங்கள் வீட்டில் இருந்தால், முகப்பின் அடியில் உள்ள பொடி எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் இயந்திரம் மலேசியாவில் செய்யப்பட்டது என்ற குறிப்பு பலவற்றில் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கமும் ஒரு பெருங்கதை உண்டு. இந்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. 'ஜனதா' என்று ஒரு மாதிரிக்குப் பெயர். மக்கள் என்று பொருள். தினமும் சாவி கொடுக்க வேண்டிய எளிய கடிகாரம் அது. பரீட்சையில் தேறியவருக்கும் மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. பரிசளிப்பது ஒரு தலைமுறையின் வழக்கமாகவே இருந்தது. பிறகு 1984இல் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் டாட்டாவும் கைகோத்து டைட்டனை உருவாக்கி, ஓசூரில் ஆலை அமைத்தன. குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையை அள்ளிக்கொண்டு போயின. எச்.எம்.டி. தடுமாறியது, அதன் கடிகாரப் பிரிவை மூட இந்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. வேடிக்கை என்னவென்றால், மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவிய பிறகுதான் 'ஜனதா'வுக்கும் 'பைலட்'டுக்கும் மக்கள் ஓடினார்கள். இருக்கும்போது தெரியாத அருமை!

இனி, நம் வட்டாரத்துப் பழைய கடிகாரங்களுக்கு மட்டுமே உரிய ஒரு வரலாற்றுக்கு வருவோம். இந்த நாட்டில் நேரமே பலமுறை மாறியிருக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1905இல் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி முன்னதாக ஒரு பொது நேரம் வைக்கப்பட்டது. 1933இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததும், ஜப்பானியர்கள் மலாயாவின் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். சூரியன் தன் பாட்டுக்குத்தான் வந்தது. ஆனால் கெடா இருக்கும் தீர்க்கரேகையில், தோக்கியோ கணக்குப்படி சூரியன் உச்சிக்கு வரும்போது மணி இரண்டேகாலைத் தாண்டிவிடும். ஒரு நாட்டைப் பிடிப்பவர்கள் அதன் கடிகாரத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையா? 1945 செப்டம்பரில், ஜப்பானியர் சரணடைந்ததும், முள் மீண்டும் பின்னால் திரும்பியது.

கடைசி மாற்றம் பலருக்கு நினைவிருக்கும். 1981 டிசம்பர் 31, இரவு மணி 11.30. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, அந்த நொடியே 1982 பிறந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அப்போது பிரதமராக இருந்தவர் கெடாவைச் சேர்ந்த டாக்டர் மகாதீர். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அன்று முதல் கெடாவில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்கு. ஆண்டின் தொடக்க மாதங்களில் காலை ஏழு மணிக்கும் இருட்டாக இருப்பதும், பள்ளிப் பிள்ளைகள் மின்விளக்கு வெளிச்சத்தில் பஸ் ஏறுவதும் இதனால்தான்.

இந்த மாற்றத்துக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1942இல் நேரம் மாறியபோது கடிகாரம் உள்ளவர் சிலர். 1981 இறுதியில் தொழிலாளர் பலரின் கையிலும் கடிகாரம் இருந்தது. அவரவர் வீட்டில், அவரவர் விரலால் திருகை இழுத்து, முள்ளை அரைச்சுற்று நகர்த்தினார்கள். அலமாரியில் உறங்கும் அந்தச் சீக்கோவுக்கோ எச்.எம்.டி.க்கோ அந்த இரவு தெரியும்.

அதனால்தான், பழைய கடிகாரத்தைப் புதுசுபோல் ஆக்குகிறேன் என்று முகப்பைச் சுரண்டி மறுவண்ணம் பூசுவது பெரிய இழப்பு. சந்தையில் விலை குறைவாகப் பளபளக்கும் 'பழைய' கடிகாரங்கள் நிறைய வருகின்றன. பல கடிகாரங்களின் உதிரிகளை ஒன்றாகச் சேர்த்து, முகப்புக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணமடித்து இந்தியாவிலிருந்து வருபவை அவற்றில் ஏராளம். கட்டி அழகு பார்க்கலாம், தவறில்லை. ஆனால் அதை வரலாறு என்று நம்பிக் காசு கொடுக்கக்கூடாது. மஞ்சளடித்த முகப்பு, தேய்ந்த விளிம்பு, பின்மூடியில் பழுதுபார்ப்பவர் கீறிய தேதி: இவைதான் உண்மையான சொத்து.

இன்னோர் எச்சரிக்கை. 1960களுக்கு முந்திய கடிகாரங்களில் இருட்டில் ஒளிர்வதற்காக எண்களின்மீது ரேடியம் பூசியிருக்கலாம். ஒளிர்வது நின்றாலும் கதிர்வீச்சு நிற்காது; ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி இந்தப் பூச்சைப் பூசிய இளம்பெண்கள் பலர் தாடை எலும்பு அரித்து மாண்டுபோனார்கள். ஆகவே அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்க வேண்டாம். பொடியை ஊதவும் வேண்டாம்.

பூட்டி வைப்பதும் நம் நாட்டுச் சீதோஷ்ணத்துக்கு ஒத்துவராது. ஈரக்காற்றில் முகப்பில் பூஞ்சை படரும், தோல்பட்டை இற்றுப்போகும். உள்ளே உள்ள எண்ணெய், கட்டினாலும் கட்டாவிட்டாலும் சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். காய்ந்தபின் ஓடவிட்டால் சக்கரங்கள் தேயும். கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விடத் தெரிந்த பழைய கைகள் பட்டணங்களில் குறைந்துகொண்டே வருகின்றன. கடைவீதி ஓரத்தில், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி செருகி உட்கார்ந்திருக்கும் பெரியவர் இன்னும் இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

அதோடு ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது. அது யாருடைய கடிகாரம், எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், எந்த ஆண்டு, யார் வாங்கிக் கொடுத்தது என்பதை வீட்டிலுள்ள பாட்டியிடம் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கடிகாரப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தைக் காட்டுவதற்கே ஆள் தேட வேண்டியிருக்கிறது. பாட்டிக்கு ஆண்டு நினைவில்லை என்றால், "நேரத்தை மாற்றினார்களே, அதற்கு முன்னா பின்னா?" என்று கேட்டுப் பாருங்கள்.