மௌனமும் பிழையும்: பரவல் சேமிப்பின்மேல் நிற்கும் லினக்ஸ் வட்டுகள்

லினக்ஸில் ஒரு வட்டிடம் எழுதச் சொன்னால் அது தரும் விடை இரண்டில் ஒன்று: எழுதியாயிற்று, அல்லது பிழை. கெர்னலின் பிளாக் அடுக்கும் அதன்மேல் நிற்கும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளும் இந்த இரண்டையும் நம்பியே கட்டப்பட்டவை. வட்டு இயந்திரத்துக்குள் இல்லாமல் வலையமைப்புக்கு அப்பால் பல சர்வர்களில் சிதறிக் கிடக்கும்போது மூன்றாவதாக மௌனம் வந்து சேர்கிறது. அந்த மௌனத்தைக் கால வரம்பு வைத்துப் பிழையாக மாற்றுவது தரவுக்குக் கேடு என்பதே என் வாதம்.

பல இயந்திரங்களைச் சேர்த்து ஒரே வட்டாகக் காட்டும் எண்ணம் புதிதல்ல. டெக் ஆய்வகத்தின் பெட்டல் 1996இலேயே அதைச் செய்தது. இன்று பரவலாகப் புழங்கும் செஃப், சேஜ் வெயில் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் ஆய்விலிருந்து வளர்ந்தது. அதன் பிளாக் சாதன இயக்கியான ஆர்பிடி 2011 ஜனவரியில் வந்த 2.6.37 கெர்னலில் இடம்பெற்றது.

ஆர்பிடியில் ஒரு வால்யூம், அதாவது ஒரு மெய்நிகர் வட்டு, வழக்கமாக 4 மெபிபைட் துண்டுகளாக வெட்டப்படுகிறது. 100 கிபிபைட் வால்யூம் என்றால் 25,600 துண்டுகள். எந்தத் துண்டு எந்த வட்டுகளில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் மைய அட்டவணையைக் கேட்பதில்லை. கிரஷ் என்னும் கணக்கீட்டின் வழியாக எழுதுபவரே கண்டுகொள்கிறார். வழக்கமான அமைப்பில் பிரதிகள் மூன்று. எழுத்து முதலில் முதன்மைப் பிரதிக்குப் போகிறது. அது மற்றவற்றுக்கு அனுப்பி, அப்போது செயலில் உள்ள எல்லாப் பிரதிகளிலும் நிலைபெற்ற பிறகுதான் ‘ஆயிற்று’ என்கிறது. உயிரோடிருக்கும் பிரதிகள் இரண்டுக்குக் கீழே போனால் அந்தத் துண்டு படிப்பையும் எழுத்தையும் நிறுத்திக் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பைக் கோளாறாகப் பார்க்கக் கூடாது. வலையமைப்பு பிளவுபட்டால் ஒத்திசைவு, கிடைக்கும்தன்மை இரண்டையும் ஒருசேரக் காக்க முடியாது என்று கில்பர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிறுவினார்கள்; செஃப் ஒத்திசைவின் பக்கம் நிற்கிறது.

ஆனால் வட்டைப் பயன்படுத்தும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது வேறு. புரோகிராம் உறைந்து நிற்கிறது. கில் கட்டளைக்கும் அசைவதில்லை. 120 வினாடி கடந்தால் கெர்னல் எச்சரிக்கை எழுதுகிறது. அப்போது நிர்வாகியின் கை ஒரு கால வரம்பைத் தேடும். ஆர்பிடி இயக்கியிலும் அப்படியொரு விருப்பம் உண்டு. அதன் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது வரம்பில்லை. அது பூஜ்யமாகவே இருப்பது நல்லது.

ஏன்? சொந்த வட்டுக்கும் கால வரம்பு உண்டுதானே என்று கேட்கலாம். எஸ்சிஎஸ்ஐ வட்டுக்கு வழக்கமாக 30 வினாடி. ஆனால் அங்கே வரம்பு கடந்ததும் கெர்னல் கட்டளையை ரத்து செய்கிறது. தேவைப்பட்டால் சாதனத்தையே ரீசெட் செய்கிறது. அதன்பின் பழைய எழுத்து பாதி விழுந்திருக்கலாம், விழாமலும் போயிருக்கலாம். இனிமேல் வந்து விழாது என்பது மட்டும் உறுதி. ‘பிழை’ என்ற சொல்லுக்கு அங்கே பொருள் கொடுப்பது இந்த உறுதியே. வலையமைப்பில் அனுப்பிவிட்ட எழுத்தைத் திரும்ப அழைக்க முடியாது. நாம் பிழை என்று அறிவித்த பிறகும் மறுமுனையில் அது நிலைபெறலாம்.

பொய்யான பிழை மேலடுக்குகளில் என்ன செய்யும் என்பதை 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் குழுவினர் எழுப்பிய விவாதம் காட்டியது. எழுதியதை வட்டில் நிலைபெறச் செய்யும் எஃப்சிங்க் அழைப்பு ஒருமுறை தோற்றால், எழுதப்படாத பக்கங்களைக் கெர்னல் ‘சுத்தம்’ என்று குறித்துவிடலாம். அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும், தரவோ போய்விட்டிருக்கும். 2019 பிப்ரவரியில் வெளியான 11.2 பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸ் அந்தத் தோல்வியைக் கண்டதுமே தன்னை நிறுத்திக்கொண்டு, முன்கூட்டியே எழுதிவைத்த மாற்றப் பதிவேட்டிலிருந்து மீள்கிறது. இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் தானே சரியாகியிருக்கும் தாமதத்துக்காக ஒரு தரவுத்தளத்தை இவ்வளவு தூரம் விரட்டுவது நியாயமா?

மௌனத்துக்கும் விலை உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. 2011 ஏப்ரலில் அமேசானின் ஈபிஎஸ் சேவையில் வலையமைப்பு மாற்றமொன்று பிசகியது. பிரதிகளை இழந்த வால்யூம்கள் ஒரே நேரத்தில் புதிய பிரதிக்கு இடம் தேடி அலைந்தன. ஒரு மண்டலத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு வால்யூம்கள் படிப்புக்கும் எழுத்துக்கும் பதில் தராமல் சிக்கி நின்றன. மீட்க நாட்கள் பிடித்தன. ஆயினும் இறுதியில் ஒத்திசைவோடு மீட்க முடியாமல் போனவை 0.07 விழுக்காடு மட்டுமே. சேவை நின்ற நாட்களின் இழப்பு பெரிது. திரும்பி வராத தரவின் இழப்போடு அதை ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

அப்படியானால் உறைந்த இயந்திரத்திலிருந்து வேலையை எப்படி மாற்றுவது? இங்கேதான் ரீசெட்டுக்கு நிகரான ஒன்று வேண்டும். செஃப் அதைத் தடைப்பட்டியல் மூலம் தருகிறது: பழைய எழுத்தாளரின் முகவரியைப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அங்கிருந்து தாமதமாக வரும் எழுத்தைச் சேமிப்பகமே மறுத்துவிடும். அதன்பிறகே வால்யூமை வேறொரு இயந்திரத்தில் இணைக்க வேண்டும். வரிசை மாறினால் ஒரே எக்ஸ்ட்4 முறைமையில் இருவர் எழுதுவார்கள். அதைத் தாங்கும்படி அது வடிவமைக்கப்படவில்லை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் வால்யூமுக்கு ‘ஒரு கணு மட்டும்’ என்று குறித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது இணைப்பைக் கட்டுப்படுத்தும் குறிப்பு மட்டுமே. இறந்துவிட்டதாக நாம் கருதிய கணு எழுந்து வந்து எழுதுவதை அது தடுக்காது.

கெர்னலுக்குள் காலாவதிக்கெனத் தனிக் குறியீடு இருக்கிறது. ஆனால் இடைநினைவகம் வழியாகப் போன எழுத்தில் அது எஃப்சிங்க்கை அடையும்போது பெரும்பாலும் சாதாரண உள்ளீட்டு வெளியீட்டுப் பிழையாக உருமாறிவிடுகிறது. ‘நடக்கவில்லை’ என்பதும் ‘நடந்ததா என்று தெரியவில்லை’ என்பதும் புரோகிராமின் காதில் இன்றும் ஒரே சொல்லாகவே விழுகின்றன.