பதினேழில் எட்டு

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடச் சரித்திரத்தில் ஒரு பத்தி. 1602-ல் ஆரம்பித்தார்கள், பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடம் இருந்து பிடுங்கினார்கள், 1781-ல் அதை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தார்கள். அவ்வளவுதான், அடுத்த பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வந்துவிடுவார்கள். அந்தக் கம்பெனியை உண்மையில் நடத்தியது யார் என்று நான் படித்த புத்தகத்தில் இல்லை.

நடத்தியது பதினேழு பேர். பெயரே 'பதினேழு கனவான்கள்'தான். ஆறு ஊர்க் கம்பெனிகளை ஒன்றாக இணைத்து உருவானது என்பதால் ஆறு ஊருக்கும் பங்கு உண்டு. மொத்த முதலீட்டில் பாதிக்கு மேல் போட்டது ஆம்ஸ்டர்டாம். அதற்குக் கிடைத்த நாற்காலிகள் எட்டு. சீலாந்து மாகாணத்துக்கு நான்கு. டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹாய்சன் ஆகிய நான்கு ஊர்களுக்கும் தலா ஒன்று. கூட்டிப் பாருங்கள், பதினாறு வரும். மிச்சமுள்ள பதினேழாவது நாற்காலி ஆம்ஸ்டர்டாம் தவிர்த்த மற்றவர்களுக்குள் சுற்றி வரும். அதாவது பாதிப் பணத்துக்கு மேல் போட்டவனுக்குப் பெரும்பான்மைக்கு ஒன்றே ஒன்று குறைச்சல். தற்செயல் இல்லை, வேண்டுமென்றே அப்படி எழுதினார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் ஒரு சீலாந்துக்காரர். நாங்கள் போர்த்துகலைத் தாக்குவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக் கொண்டிருந்த நேரத்தில் சொன்னார் :-)

கொஞ்சம் விளக்குகிறேன். புனேயில் பொட்டி தட்டும் எனக்கு வாடிக்கையாளர் நெதர்லாந்தில். அந்தத் தொடர்பில் மூன்று டச்சுக்காரர்கள் பழக்கமாகி, ஞாயிறு ராத்திரிகளில் 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' ஆட ஆரம்பித்தோம். துப்பாக்கி தூக்கிச் சுடும் ஆட்டம் இல்லை இது. 1444-ல் ஒரு நாட்டைக் கையில் எடுத்து, வரி, வணிகம், கல்யாணம், சண்டை, சமாதானம் எல்லாம் பார்த்து 1821 வரை ஓட்ட வேண்டும். அவர்கள் மாலை ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்து விட்டு உட்காருவார்கள், குளிர்காலமானால் எனக்கு அது பத்தரை மணி. திரையின் ஓரத்தில் அரட்டைப் பெட்டி. அதில் பாதி ஆட்டம், மீதி அவர்கள் ஊர் அரசியல். வியாபாரக் கப்பல்களை எந்தக் கடலுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு, மூன்றாவது வரியில் 'ஹேக்கில் இன்னும் மந்திரிசபை அமையவில்லை' என்று போய்விடும்.

முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆடும்போது ஆடுங்களேன் ஐயா! போகப் போகத்தான் அவர்களுக்கு இரண்டும் ஒரே பேச்சு என்று புரிந்தது.

அவர்கள் நாட்டுச் சட்டசபையின் கீழ் அவையில் 150 இடங்கள். தொகுதி கிடையாது. நாடு முழுக்க ஒரே தொகுதி மாதிரி. வாங்கிய ஓட்டுக்குத் தகுந்த இடம். நூற்றைம்பதில் ஒரு பங்கு, அதாவது 0.67 சதவீதம் வாங்கினால் உள்ளே வந்து விடலாம். 1918-ல் இந்த முறை வந்தபோது அவையில் இருந்த 100 இடங்களுக்குள் 17 கட்சிகள் நுழைந்தன. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு தேர்தலில்கூட எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒருவர்கூட 'ஜெயிக்க'வில்லை!

ஏன் இப்படி என்று கேட்டால், வெளியூர்க்காரர்களுக்குத் தண்ணீர்க் கதை சொல்வார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் நிலம், கரை உடைந்தால் பண்ணையார் வீடும் மூழ்கும், கூலிக்காரன் குடிசையும் மூழ்கும், அதனால் 13ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் அமைத்துக் கூடிப் பேசி முடிவெடுக்கப் பழகினார்கள் என்று. பொய்யில்லை. இன்றும் 21 நீர் வாரியங்கள் இருக்கின்றன, அவற்றுக்குத் தனியாகத் தேர்தலும் உண்டு. ஆனால் எங்கள் கும்பலில் இருக்கும் உத்ரெக்ட்காரருக்கு இந்தக் கதையைக் கேட்டாலே சிரிப்பு. 'சுற்றுலா வழிகாட்டிக்கான வரலாறு' என்பார். எனக்கும் தண்ணீரைவிடப் பணமும் பயமும்தான் பெரிய காரணமாகப் படுகிறது. ஸ்பெயினை எதிர்த்து 1579-ல் உத்ரெக்டில் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த மாகாணங்கள் ஏழாக நிலைத்தன. பொதுச் செலவில் ஏறக்குறைய 58 சதவீதம் ஹாலந்து மாகாணம் மட்டுமே கொடுத்தது. ஆனால் பொதுச் சபையில் மாகாணத்துக்கு ஒரே ஓட்டு. போர், வரி மாதிரி பெரிய விஷயம் என்றால் ஏழு பேரும் தலையாட்ட வேண்டும். அந்த ஹாலந்துக்கு உள்ளே போனால் அங்கேயும் 19 ஓட்டு, ஆம்ஸ்டர்டாமுக்கு அதில் ஒன்று. பெரியவனிடம் பணம் வாங்கிக்கொள், பிடியை மட்டும் கொடுக்காதே. பதினேழு கனவான்கள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

சரி, இவ்வளவு சமர்த்தாக ஏற்பாடு செய்தவர்கள் சண்டையே போடாமல் இருந்தார்களா? அதுதான் இல்லை. ஆட்டத்தில் டச்சுக் குடியரசை அமைத்தால் திரையில் ஒரு தராசு வரும். ஒரு பக்கம் குடியரசுவாதிகள், மறு பக்கம் ஆரஞ்சு வம்சத்து ஆதரவாளர்கள். முன்னவர்கள் கை ஓங்கினால் நான்கு வருஷத்துக்கு ஒரு தேர்தல், பின்னவர்கள் ஓங்கினால் ஆயுள் முழுக்க ஒரே தலைவர். எனக்கு அது ஒரு பட்டன். என் நண்பர்களுக்கு அது 1672.

அந்த வருஷத்தைப் 'பேரழிவு ஆண்டு' என்றே அவர்கள் சரித்திரத்தில் குறிக்கிறார்கள். பிரான்ஸ், இங்கிலாந்து, போதாக்குறைக்கு ஜெர்மன் பகுதி பிஷப்புகள் இருவர், எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். அப்போது ஆட்சியை நடத்திக் கொண்டிருந்தவர் யோஹான் டி விட். 1653-லிருந்து ஹாலந்தின் தலைமை அதிகாரி. மகா கெட்டிக்காரர், கணித மேதை. எவ்வளவு வயதில் இருப்பவருக்கு எவ்வளவு விலையில் ஆயுள்காலத் தொகையை அரசாங்கம் விற்கலாம் என்று 1671-ல் கணக்குப் போட்டு எழுதியவர். இன்றைய காப்பீட்டுக் கணிதத்துக்கு அது ஒரு முன்னோடி. ஆரஞ்சு வம்சத்தார் யாரும் இனிமேல் ஹாலந்தின் தலைமைக் காவலர் ஆகக் கூடாது என்று 1667-ல் சட்டமே போட வைத்தார். கடற்படையை நன்றாக வளர்த்தார், தரைப்படையைக் கவனிக்காமல் விட்டார். தரைப்படை வலுத்தால் ஆரஞ்சு இளவரசன் கை ஓங்கும் என்ற பயம்.

பிரெஞ்சுப் படை உள்ளே வந்தது. கரைகளைத் திறந்துவிட்டு நிலத்தையே தண்ணீரில் மூழ்கடித்துத்தான் ஆம்ஸ்டர்டாமைக் காப்பாற்றினார்கள். ஜனங்களின் கோபம் முழுக்க டி விட் மேல் திரும்பியது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி, ஹேக் சிறையில் இருந்த அண்ணன் கார்னெலிஸைப் பார்க்கப் போனவர் திரும்பவில்லை. கூட்டம் இரண்டு பேரையும் வெளியே இழுத்துக் கொன்று, உடல்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உறுப்புகளை வெட்டி எடுத்துப் போனது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அந்தக் காட்சியின் ஓவியம் இருக்கிறது. படமாகப் பார்ப்பதற்கே வயிற்றைப் பிசைகிறது. முன்னின்று நடத்தியவர்கள் தண்டிக்கப்படவில்லை. இருபத்தோரு வயது ஆரஞ்சு இளவரசன் வில்லியம் பதவிக்கு வந்தார். பின்னாளில் இங்கிலாந்துக்கே ராஜா ஆனவர் இவர்தான்.

பேசித் தீர்க்கும் நாடு என்று யாராவது ஒரேயடியாகப் புகழ்ந்தால் உத்ரெக்ட்காரர் ஒரே வார்த்தைதான் தட்டுவார்: '1672'.

நவீன காலத்து டச்சு அரசியலின் அஸ்திவாரம் 1917 ஒப்பந்தம். எனக்குப் பிடித்த பேரமும் அதுதான். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் தங்கள் மதப் பள்ளிக்கூடங்களுக்கு அரசுப் பள்ளிக்குச் சமமான பணம் வேண்டும். சோஷலிஸ்டுகளுக்கு எல்லா ஆண்களுக்கும் ஓட்டு வேண்டும். பல வருஷமாக முறைத்துக் கொண்டிருந்தவர்கள், உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஓட்டு என்று மாற்றிக் கொண்டார்கள். விகிதாசார முறையும் அதே பொட்டலத்தில் வந்தது. பெண்களுக்கு ஓட்டு 1919-ல். அதற்கப்புறம் அரை நூற்றாண்டு கத்தோலிக்கனுக்குத் தனிப் பள்ளி, தனிப் பத்திரிகை, தனி வானொலி, தனிக் கால்பந்து கிளப். புராட்டஸ்டண்டுக்கும் சோஷலிஸ்டுக்கும் அதே மாதிரி. ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவரோடொருவர் கலக்காத வாழ்க்கை. மேலே தலைவர்கள் மட்டும் மூடிய அறையில் பேசிக் கொள்வார்கள். ஆரெண்ட் லைப்ஹார்ட் என்ற அரசியல் அறிஞர் இதை 1968-ல் புத்தகமாக எழுதினார். அதே ஆள் 1996-ல் இந்திய ஜனநாயகமும் இந்த வகைதான் என்று ஒரு கட்டுரை எழுதினார். பாதி ஒத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. நம் ஊரில் பேசித் தீர்க்கிறார்களோ இல்லையோ, பேசுகிறார்கள்.

மூடிய அறைக்கு விலை உண்டு. 1977 மே மாதத் தேர்தலில் யூப் டென் ஒய்லின் தொழிலாளர் கட்சிக்கு 53 இடம். அந்தக் கட்சியின் அதுவரையிலான மிகப் பெரிய வெற்றி. இரண்டாவதாக வந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு 49. இரண்டும் சேர்வதாகப் பேச்சு. மாதக்கணக்கில் பேசினார்கள், எந்தக் கட்சிக்கு எத்தனை மந்திரி, யார் மந்திரி என்று. கடைசியில் முறிந்தது. கிறிஸ்தவக் கட்சித் தலைவர் வான் அக்ட், 28 இடம் வைத்திருந்த லிபரல் தலைவரோடு சேர்ந்து 77 இடத்தோடு ஆட்சி அமைத்து விட்டார். 208 நாள் கழித்து, ஜெயித்தவர் எதிர்க்கட்சி வரிசையில்! உத்ரெக்ட்காரரின் அப்பா அந்த 53-க்கு ஓட்டுப் போட்டவராம், இன்னும் ஆறவில்லையாம். மகாராஷ்டிராவில் இருக்கும் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. 2019-ல் இங்கே 288-ல் 105 வாங்கிய கட்சி வெளியே நின்றது, 56 வாங்கிய கட்சியின் தலைவர் முதலமைச்சர் ஆனார். எங்கள் அலுவலகக் கேண்டீனில் ஒரு மாதம் வேறு பேச்சே இல்லை.

இந்தக் கோபம் சேர்ந்து சேர்ந்து எங்கே போகும்? 2002-ல் பிம் ஃபோர்டுய்ன் என்பவர் 'இவர்கள் எல்லோரும் ஒரே கும்பல்' என்று பேசியே பெரிய அலையைக் கிளப்பினார். குடியேறிகளைப் பற்றி, இஸ்லாத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்கு ஏற்புடையதில்லை. ஆனால் அவருக்குக் கூடிய கூட்டத்தில் மூடிய அறை மேல் வெறுப்பு கொண்டவர்களும் இருந்தார்கள். மே 6-ஆம் தேதி, தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தலைவர் இல்லாத கட்சிக்கு 26 இடம் கிடைத்தது. அதைச் சேர்த்துக் கொண்டு அமைந்த மந்திரிசபை 87 நாளில் கவிழ்ந்தது. அன்று இரவு யாருமே தூங்கவில்லை, 1672 திரும்பி வந்த மாதிரி இருந்தது என்றார் சீலாந்துக்காரர். அப்போது அவர் கல்லூரி மாணவர்.

ஆட்டத்துக்கு வருகிறேன். அவர்கள் ஊரில் தேர்தல் முடிந்ததும் யார் யாரோடு சேரலாம் என்று விசாரித்துச் சொல்ல ஒருவரை நியமிப்பார்கள், 'இன்ஃபர்மாத்தூர்' என்று பெயர். 2012-க்கு முன்னால் ராணி நியமிப்பார், அதன் பிறகு சபையே நியமிக்கிறது. எங்கள் ஆட்டத்திலும் ஒரு போர் முடிந்து மாகாணங்களைப் பங்கு பிரிக்கும் நேரம் வந்தால், தோற்காத, ஜெயிக்காத யாரையாவது இன்ஃபர்மாத்தூர் ஆக்கி விடுவார்கள். பல தடவை அது நான்தான். ஆளாளுக்குத் தனித்தனியாக அரட்டையில் வந்து, தனக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்ல மாட்டார்கள். மற்றவனுக்கு எது கிடைத்தால் தாங்க முடியாது என்பதைச் சொல்வார்கள். அங்கிருந்து ஆரம்பித்தால் சீக்கிரம் முடிகிறது, செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

2021 தேர்தலுக்குப் பிறகு நிஜ இன்ஃபர்மாத்தூர்களுக்கு அப்படிச் சீக்கிரம் முடியவில்லை. 299 நாள் ஆனது. 2023 நவம்பரில் கீர்ட் வில்டர்ஸ் கட்சி 37 இடத்தோடு முதலாவதாக வந்தது. கூட்டுச் சேர்ந்த நான்கு கட்சித் தலைவர்களும் 'நம்மில் யாரும் பிரதமர் இல்லை' என்று ஒப்பந்தம் போட்டு, முன்னாள் உளவுத்துறைத் தலைவர் டிக் ஸ்கோஃப் என்பவரை 2024 ஜூலையில் உட்கார வைத்தார்கள். பதினேழாவது நாற்காலி ஞாபகம் வருகிறது இல்லையா? பதினோரு மாதத்தில், 2025 ஜூன் 3 அன்று, அகதிகள் பிரச்சினையில் வில்டர்ஸ் வெளியேற, அதுவும் கவிழ்ந்தது.

அடுத்த தேர்தல் 2025 அக்டோபர் 29. முதல் இரண்டு கட்சிகளுக்கும் ஆளுக்கு 26 இடம். யார் முதல் என்பதே சில நாள் தெரியவில்லை. அந்த வாரம் எங்கள் ஆட்டம் நடக்கவில்லை. மூன்று பேரும் தபால் ஓட்டு எண்ணிக்கை பார்த்துக் கொண்டிருந்தார்கள். பிரான்சும் ஸ்பெயினும் எல்லையில் படையோடு அப்படியே நின்றன.