கியா பார்ம்: மலைச்சரிவுப் பேரிடர்த் தற்காப்பின் வரலாறு

கியா பார்ம், மலேசிய நாட்டின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரை அடுத்து, 1,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த காய்கறிக் கிராமம். சுற்றுலாப் பிரயாணிகள் சந்தையை மட்டுமே கண்டு திரும்புவர். மழைக்காலத்தில் இச்சரிவுகளிலிருந்து இறங்கும் மண், பல கல் தொலைவிலுள்ள பள்ளத்தாக்கு வாசிகளின் அபாயமாக மாறும் சரித்திரமோ சந்தையில் புலப்படுவதில்லை.

1885-இல் வில்லியம் கேமரன் அளந்தறிந்த இப்பிரதேசத்தில் 1929-இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ என்னும் தேயிலைத் தோட்டத்தை நிறுவ, தமிழ்த் தொழிலாளர் காடழித்துக் கன்று நட்டனர். சரிவின் குறுக்கே வடிகால் வெட்டி, வெட்டிய மண் ஓடாதபடி காத்தலே அன்றைய ஜாக்கிரதை. அதற்குப் பேரிடர்த் தடுப்பு என்ற பெரும்பெயர் எதுவும் இருக்கவில்லை. வேரூன்றி அடர்ந்த தேயிலை மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்பது மெய்யே. ஆயினும் செடி இளமையாயிருந்த காலத்தில் தேயிலைத் தோட்டங்களும் மண்ணை இழந்தன என்பதை மறைத்தல் நேர்மையாகாது. காய்கறி விவசாயம் பெருகிய பின்போ, அடிக்கடி கிளறப்படும் மண்ணும், மழைநீரை உறிஞ்சவிடாது ஒருசேர ஓடையில் கொட்டும் பிளாஸ்டிக் கூரைகளும் நிலைமையை மிகக் கடுமையாக்கின.

1961-இல் இதே மலையிலுள்ள ரிங்லெட்டில் நேர்ந்த நிலச்சரிவு 16 உயிர்களைப் பலிகொண்டது. 1963-இல் முற்றுப்பெற்ற நீர்மின் திட்டத்தில், தெலோம் ஆற்று ஜலம் சுரங்கவழி பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பப்பட்டமையால், மலையின் இருபுறத்து வண்டலும் சுல்தான் அபு பக்கர் அணையின் ரிங்லெட் நீர்த்தேக்கத்திலேயே வந்து சேர்ந்தது. வண்டல் ஏற ஏற நீர் கொள்ளும் இடம் குறுகிற்று. 2013 அக்டோபர் 23-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கனமழையால் நிரம்பிய அணையினின்று நீர் திறந்துவிடப்பட, அணைக்குக் கீழேயுள்ள பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்தோர் மீது சேற்று வெள்ளம் பாய்ந்தது. வீடுகளும் உயிர்களும் போயின. அபாயச் சங்கு ஒலித்ததா, ஒலித்திருப்பின் எவர் காதில் விழுந்தது என்பது பின்னர் பெரும் வாக்குவாதமாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரிலும் சேற்று வெள்ளம் வந்தது. அதன்பின் சட்டவிரோதப் பண்ணைகளை அகற்ற அரசு முனைந்தது; 2015-இல் நட்மா எனப்படும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமும் தோன்றியது.

ஆனால் எச்சரிக்கை என்பது சங்கோடு முடிவதன்று. அதைக் கேட்பவன் எந்த மொழியினன், எங்கே உறங்குகிறான், எந்த வழியே மேடேறுவான் என்பதெல்லாம் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். பழைய தோட்டத்து லயங்களில் இதற்கு ஓர் எளிய சாதனம் தானாகவே அமைந்திருந்தது. விடியலில், தொழிலாளர் வேலைக்குமுன் கூடும் பெரட்டுக்களத்தில், கங்காணி ஆளெண்ணிப் பெயர் பதிந்தான். கூலிக் கணக்குக்காகவே எண்ணினான், அன்பினால் அன்று. எனினும் தோட்டத்தில் யார் யார் வேலை செய்தனர் என்பது ஏட்டில் இருந்தது. கொங்சி எனப்படும் சரிவோரத் தொழிலாளர் குடில்களில் தங்கும் இன்றைய அந்நியத் தொழிலாளருக்கு, வங்காளமும் நேபாளியும் பர்மியமும் பேசுவோருக்கு, அத்தகைய ஏடு எல்லாப் பண்ணைகளிலும் இருக்குமென்று நம்புவதற்கில்லை. 2024 ஜனவரியில், இதே மலையின் வடகோடியிலுள்ள புளூ வேலியில் நள்ளிரவு கடந்து சரிந்த மண்ணில் புதைந்து மாண்ட ஐவரும் மியன்மார் தேசத்தவர்.