ஒரு காலோடு 200 மீற்றர்: கயாக் போட்டிக்கு எங்கட ஆட்களும் போகலாமா?

போன மாசியில் அக்காவின் மகன் முல்லைத்தீவிலிருந்து அழைத்தான். "மாமா, நீங்கள் துடுப்புப் போடுற படம் பார்த்தன். கழட்டின கால் கரையில கிடக்குது. உந்தப் போட்டிக்கு என்னை மாதிரி ஆக்களும் வரலாமோ?" என்று கேட்டான்.

2009 இல் அவனுக்கு ஐந்து வயது. செல் துண்டு பட்டு வலது கால் முழங்காலுக்கு மேலே போனது. அதே மாதத்தில்தான் எனக்கும் இடது கால் போனது, முழங்காலுக்குக் கீழே. அவனுடைய கேள்விக்கு "ஓம்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த "ஓம்" என்பதற்குள் எத்தனையோ விடயங்கள் இருக்கின்றன. இதே கேள்வியோடு வேறு பலரும் இருக்கக்கூடும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் வீரன் இல்லை. பிரித்தானியாவில் ஒரு ஆற்றங்கரைக் கழகத்தில் ஏழு வருடமாகத் துடுப்புப் போடுகிறவன். போட்டிகளில் பெரும்பாலும் கடைசிக்குப் பக்கத்தில்தான் வருவேன்.

என்ன படகு?

கயாக், கனூ என்று இரண்டு சொற்கள் அடிபடும். கயாக்கில் காலை முன்னே நீட்டி இருந்துகொண்டு, இரண்டு முனையிலும் தகடுள்ள துடுப்பால் இரு பக்கமும் மாறிமாறி வலிப்போம். கனூவில் ஒரு முழங்காலில் நின்று, ஒரு தகடுள்ள துடுப்பால் ஒரே பக்கம் வலிப்பார்கள். இரண்டிலும் முகம் போகிற திசையைப் பார்த்திருக்கும். தண்டு வலிக்கிற படகோட்டத்தில் முதுகுதான் முன்னே போகும். அது வேறு விளையாட்டு.

ஒலிம்பிக்கில் இது 1936 பேர்லின் போட்டியிலிருந்து இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்குப் பராலிம்பிக்கில் இடம் கிடைத்ததோ 2016 இல், ரியோவில்தான். அப்போது கயாக் மட்டும், ஆண்களுக்கு மூன்றும் பெண்களுக்கு மூன்றுமாக ஆறு போட்டிகள். 2021 இல் நடந்த டோக்கியோ பராலிம்பிக்கில் ஒன்பது, 2024 பரிஸில் பத்து. எல்லாமே 200 மீற்றர் நேர்க்கோட்டு ஓட்டம். வலுக்கூடிய வகுப்பில் முதலாவதாக வரும் ஆண் ஏறக்குறைய 40 செக்கனில் முடித்துவிடுவார்.

டோக்கியோவில் புதிதாகச் சேர்ந்த படகின் பெயர் வாஆ. பசுபிக் தீவு மக்களின் வள்ளம் அது. பக்கத்தில் கைபோல நீட்டிய தடிகளில் ஒரு மிதவை பொருத்தியிருக்கும். தென்னிலங்கைக் கரைகளில் பார்க்கிற "ஒருவ" வள்ளத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதே யோசனைதான். இதற்குச் சுக்கான் கிடையாது. ஒரு தகட்டுத் துடுப்பால்தான் வலிக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். எங்கட அப்பு இதைப் பார்த்திருந்தால் "இதுக்கு ஏன் பயிற்சி?" என்று கேட்டிருப்பார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கயாக் 5.2 மீற்றருக்கு மேல் நீளமாக இருக்கக்கூடாது, 50 சென்ரிமீற்றருக்குக் குறைந்த அகலமாகவும் இருக்கக்கூடாது. இந்த அகல விதி முக்கியமானது. சாதாரணப் போட்டிக் கயாக் மிக ஒடுங்கியது, ஏறி இருந்தவுடனேயே கவிழ்க்கும். அகலம் கூடினால் சமநிலை கூடும்.

கால் இல்லாவிட்டால் கயாக்கில் என்ன குறை என்று பலர் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். அது பிழை. கயாக்கை ஓட்டுவது கை மட்டுமல்ல. வலது பக்கம் வலிக்கும்போது வலது காலால் மிதிபலகையை உந்தவேண்டும். அந்த உந்துதல் இடுப்பைத் திருப்பி, முதுகு வழியாகத் தோளுக்கு வரும். எனக்கு வலது கால் மட்டும் உந்துகிறது. அதனால் வலப்பக்க வலிப்புப் பலமாக விழும், படகு ஓயாமல் இடப்பக்கம் திரும்பும். முதல் மூன்று மாதமும் நான் நேராகப் போகவே இல்லை, கரையில் இருந்த நாணல்களுக்குள்தான் போனேன்.

அதற்கு வழி இருக்கிறது. எஞ்சியுள்ள காலின் நுனி முட்டிநிற்க, படகுக்குள் கடினமான பஞ்சுக்கட்டையை வெட்டி ஒட்டலாம். இடுப்பின் இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கையை மாற்றலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு உயரமான முதுகுச்சாய்வு வைக்கலாம். சுக்கானைக் காலால்தான் திருப்புவது வழக்கம். 200 மீற்றர் நேர் ஓட்டத்துக்கு அதை நேராகவே பூட்டிவிடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். உடம்பைப் பட்டியால் கட்டுவதானால், கவிழ்ந்தால் அந்தக் கணமே நீங்களாகவே அவிழ்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

யார் எந்த வகுப்பு?

கயாக்கில் மூன்று வகுப்புகள். கே.எல் 1 என்பது உடற்பகுதியில் வலு இல்லாமல் அல்லது மிகக் குறைவாக இருந்து, தோளாலும் கையாலும் மட்டும் வலிப்பவர்களுக்கு. கே.எல் 2 இல் உடற்பகுதி ஓரளவு வேலை செய்யும், நிமிர்ந்து இருக்கலாம், கால் உந்துதல் மிகக் குறைவு. கே.எல் 3 இல் உடற்பகுதி நன்றாக இருக்கும், கால்களிலும் ஓரளவு உந்துதல் இருக்கும். வாஆ படகுக்கும் வி.எல் 1, 2, 3 என்று இதேபோல மூன்று வகுப்புகள் உண்டு.

வைத்தியச் சான்றிதழைக் காட்டினால் மட்டும் வகுப்புத் தரமாட்டார்கள். உடற்பகுதியைச் சோதிப்பார்கள், கால்களைச் சோதிப்பார்கள், பிறகு தண்ணீரில் இறக்கி எப்படி வலிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். காயத்தின் பெயர் அவர்களுக்கு முக்கியமில்லை, படகுக்குள் எவ்வளவு வலு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் கணக்கு. நான் கே.எல் 3. மருமகனும் அதற்குள்தான் வருவான் என்று நினைக்கிறேன், முடிவு அவர்களுடையது.

ஒரு கசப்பான விடயத்தையும் சொல்லவேண்டும். பராலிம்பிக் வகுப்புகள் கால் அல்லது உடற்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே. கை இழந்தவர்களுக்கும் பார்வை இழந்தவர்களுக்கும் அங்கே இடமில்லை. எங்கட ஊரில் கை போனவர்கள் எத்தனை பேர்! கழக மட்டத்தில் அவர்களும் ஓட்டலாம், இரண்டு பேர் படகில் பார்வையற்றவர் பின்னால் இருந்து வலிக்கலாம். ஆனால் பதக்க மேடைக்கான பாதை அவர்களுக்கு இந்த விளையாட்டில் இன்னும் திறக்கவில்லை.

நான் முதன்முதலாகக் கவிழ்ந்தது ஒரு சித்திரை மாதம். பிரித்தானியாவில் சித்திரைத் தண்ணீர் ஐஸ். செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டே ஏறியிருந்தேன். பாதம் மிதிபலகைக்குக் கீழே செருகிக்கொண்டது. நல்ல கால் தானாக நெளிந்து வெளியே வரும், பொய்க்கால் வராது. காலை உள்ளே விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே வந்தேன். பயிற்றுநர் முதலில் என்னை இழுத்தார், பிறகு படகை, கடைசியில் காலை. கரையில் நின்றவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்கள். அன்றிலிருந்து கால் கரையில்தான்.

தண்ணீருக்குள் தலை போன அந்தச் சில செக்கன்களில் எனக்கு வேறொரு தண்ணீர் ஞாபகம் வந்தது. வட்டுவாகல் பக்கம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது வரும். பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சில போட்டிகளில் தொடக்கத்துக்குத் துப்பாக்கி வெடி வைப்பார்கள். அதையும் முன்பே கேட்டறிந்துகொள்ளுங்கள். என் முதல் போட்டியில் மற்றவர்கள் புறப்பட்ட பிறகும் நான் குனிந்தபடியே இருந்தேன்.

அந்தப் போட்டி நொட்டிங்ஹாமில், ஹோம் பியர்பொன்ற் என்ற இடத்தில் நடந்தது. 2000 மீற்றர் நீளமான செயற்கை ஏரி அது. காற்றுக்குப் பெயர் போனது. ஒவ்வொருவருக்கும் மிதவைகளால் பிரித்த ஒரு தடம், அகலம் 9 மீற்றர். உங்கள் தடத்தை விட்டு விலகக்கூடாது. பக்கத்துப் படகின் அலையில் ஒட்டிக்கொண்டு போனால் வெளியே போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், நீண்டதூர மரதன் ஓட்டத்தில் இதுவேதான் கலை. அங்கே முன்னால் போகிறவரின் அலையில் சவாரி செய்து வலுவை மிச்சம் பிடிக்கத் தெரியாதவன் ஓட்டக்காரனே இல்லை.

உண்மையில் நான் கூடுதலாக ஓடுவது மரதன்தான். பிரித்தானியாவில் ஹஸ்லர் என்ற பெயரில் கழகங்களுக்கிடையே ஓட்டங்கள் நடக்கின்றன. ஒன்பது பிரிவுகள் உண்டு. புதியவர்கள் ஒன்பதாம் பிரிவில் 4 மைல் ஓடுவார்கள். வேகம் கூடக்கூட மேலே ஏறலாம், மேற்பிரிவுகளுக்கு 12 மைல். வயதோ ஊனமோ பார்த்துப் பிரிப்பதில்லை. வேகம் ஒன்றுதான் அளவு. பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயது ஆச்சியும் நானும் ஒரே கோட்டில் நிற்போம். நீண்ட ஓட்டங்களில் இடையில் கரையேறி, படகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய இடங்கள் வரும். அங்கேதான் நான் மாட்டுப்படுவேன். ஆனால் தண்ணீரில் இருக்கும்வரை யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2009 க்குப் பிறகு, பரிதாபப் பார்வை இல்லாமல் நான் ஆட்களோடு நின்ற முதல் இடம் அந்தக் கோடுதான்.

போரில் கால் இழந்து இந்த விளையாட்டுக்கு வந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அவுஸ்திரேலியாவின் கேர்ட்டிஸ் மக்ராத். 2012 இல் ஆப்கானிஸ்தானில் குண்டு வெடித்து இரண்டு கால்களையும் இழந்த இராணுவ வீரர். நான்கு வருடத்தில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் இரண்டு தங்கம். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு நாடும் ஒரு இராணுவமும் நின்றன. எனக்கு நெருக்கமான கதை அனஸ் அல் கலீபாவுடையது. சிரியப் போரில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2015 இல் ஜேர்மனிக்கு வந்தவர். அங்கே 2018 இல் சூரியத் தகடு பூட்டும் வேலையில் உயரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டது. அதன்பிறகுதான் கயாக்கில் ஏறினார். டோக்கியோவில் அகதிகள் அணியில் போட்டியிட்டார். முகாமையும், விசாவையும், கூலி வேலையையும் தெரிந்த ஆள். எங்கட பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய முகம் அதுதான்.

இலங்கையின் பராலிம்பிக் பதக்கங்களைப் பாருங்கள். 2012 இல் இலண்டனில் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற பிரதீப் சஞ்சய, டோக்கியோவில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத், இருவரும் இராணுவத்தினர். தினேஷ் போரில் காயப்பட்டவர். அவர்களுடைய உழைப்பை நான் குறைக்கவில்லை. இராணுவத்துக்குள்ளேயே மாற்றுத்திறனாளிகளுக்கென்று போட்டிகள் நடத்துகிறார்கள், அதிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே போரில் கால் இழந்த எங்கட பெடியன், பெட்டைக்கு அப்படி ஒரு ஏணி இருக்கிறதா? என் மருமகனுக்குப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று கொடுத்த வேலை, வென்றவர்களின் பெயரை எழுதுவது.

ஊரில் தொடங்குவதென்றால்

தண்ணீருக்குக் குறைவில்லை. நந்திக்கடல், யாழ்ப்பாணக் களப்பு, மட்டக்களப்பு வாவி, வன்னிக் குளங்கள் எல்லாம் இருக்கின்றன. 200 மீற்றருக்குப் பெரிய ஏரி தேவையில்லை. காற்று எழும்ப முதல், விடியப்புறம் இறங்கினால் போதும்.

படகுதான் செலவு. புதிய கார்பன் போட்டிப் படகு இங்கே 2,000 பவுணுக்கு மேல். அதை யாரும் முதலில் வாங்கத் தேவையில்லை. அகலமான பிளாஸ்ரிக் கயாக்கில் அல்லது இருக்கிற சிறு வள்ளத்திலேயே துடுப்புப் பழகலாம். பைபர் படகு கட்டத் தெரிந்தவர்கள் வடக்கில் எத்தனையோ பேர். அளவைக் கொடுத்தால் பழகுவதற்கான ஒன்றை அவர்களால் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் மைதானத்துக்கு மதில் கட்டுவதோடு இதையும் யோசிக்கலாம்.

சர்வதேசப் போட்டிக்குத் தனியாளாகப் பெயர் கொடுக்க முடியாது. நாட்டின் சங்கம் வழியாகத்தான் போகவேண்டும். இலங்கையில் கனூ, கயாக் விளையாட்டுக்குத் தேசிய சங்கம் உண்டு. ஒரு பெடியன் தனியாகக் கடிதம் எழுதுவதைவிட, ஒரு விளையாட்டுக் கழகமாகப் பதிந்து, மாவட்ட விளையாட்டு அதிகாரி வழியாகப் போவது நல்லது. வைத்திய அறிக்கை, காயம் பற்றிய பழைய பதிவுகள் எல்லாவற்றையும் தேடி வையுங்கள். முகாமில் தொலைந்துபோயிருந்தால் இப்போதே புதிய அறிக்கை எடுங்கள். உடம்புக்குள் செல் துண்டு இருப்பவர்கள் பயிற்சி தொடங்க முதல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படகின் இருக்கை கட்டை மாதிரி. உணர்வில்லாத இடத்தில் தோல் உரிவது தெரியாது. படுக்கைப் புண் எப்படி ஆளைக் கொண்டுபோகும் என்று உங்களுக்குத் தெரியும். மெத்தை வையுங்கள், அரை மணித்தியாலத்துக்கு மேல் தொடக்கத்தில் இருக்காதீர்கள், கரையேறியவுடன் யாரையாவது தோலைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் துண்டிக்கப்பட்டவர்கள் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் செயற்கைக் காலைப் போடவேண்டும். ஈரத்தோடு போட்டால் உரசிப் புண் வரும், பிறகு ஒரு மாதம் தண்ணீரும் இல்லை, நடையும் இல்லை. உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் இறங்கவேண்டாம், நீந்தத் தெரிந்தவரும்தான்.

இதையெல்லாம் மருமகனுக்குத் திருப்பி அழைத்துச் சொன்னேன். அமைதியாகக் கேட்டான். கடைசியில், "மாமா, உப்புத் தண்ணி பட்டால் கால் பழுதாகுமோ?" என்றான்.

ஆகும். ஆணியும் பூட்டும் கறள் பிடிக்கும். அதனால் கரையிலேயே கழற்றி, பிளாஸ்ரிக் பையில் கட்டி, நிழலில் வைத்துவிட்டு, ஊன்றுகோலோடு தண்ணீர்வரை போகச் சொன்னேன். ஊன்றுகோலைப் பிடிப்பதற்குக் கரையில் ஒரு ஆள் நிற்கவேண்டும். அக்கா நிற்பாவாம்.