கிறிஸ்தவனின் சுதந்திரம்: லூத்தரும் 1525 ஆம் ஆண்டுக் குடியானவர்களும்

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்கிறார். விசுவாசிகள் சுதந்திரத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்பது ஒன்று. அந்தச் சுதந்திரத்தை இஷ்டப்படி நடப்பதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல், அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

கேட்பதற்கு இரண்டும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் ஒருவன் தன் சுதந்திரத்தைக் கேட்கும்போது, அடுத்தவன் அவனுக்குக் கடமையை நினைவுபடுத்தினால் என்ன ஆகும்? 16 ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் அப்படித்தான் நடந்தது. அதற்கு விலையாகப் போன உயிர்கள் 70,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள்.

1520: ஒரு சிறு நூல்

மார்ட்டின் லூத்தர் 1517 இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 கருத்துகளை வெளியிட்டதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1520 நவம்பரில், 'ஒரு கிறிஸ்தவனின் சுதந்திரம்' என்ற சிறு நூலை அவர் எழுதினார். அப்போது போப் பத்தாம் லியோவின் எச்சரிக்கை ஆணை அவர் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நூலின் வாதம் இதுதான். விசுவாசத்தைப் பொறுத்தவரை கிறிஸ்தவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் அல்ல. தான தர்மங்கள், நோன்பு, யாத்திரை எதுவும் அவனை நீதிமானாக்காது, கடவுளின் கிருபையே ஆக்கும். ஆனால் அன்பைப் பொறுத்தவரை அவன் எல்லோருக்கும் வேலைக்காரன். தன் மீட்புக்காக எதையும் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால்தான், அடுத்தவனுக்காக எதையும் எதிர்பார்க்காமல் உழைக்க அவனால் முடிகிறது. நல்ல கனி மரத்தை நல்லதாக்குவதில்லை, நல்ல மரம்தான் நல்ல கனி தருகிறது என்ற உவமையையும் அவர் பயன்படுத்துகிறார்.

அதாவது லூத்தரிடம் சுதந்திரமும் பொறுப்பும் எதிரெதிரானவை அல்ல. முதலாவது வேர், இரண்டாவது கனி. நரகத்துக்குப் பயந்து செய்யும் நன்மை, உண்மையில் தனக்காகவே செய்துகொள்ளும் நன்மை என்பது அவர் கருத்து.

1525: பன்னிரண்டு கோரிக்கைகள்

1522 செப்டம்பரில் லூத்தரின் ஜெர்மன் மொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, ஊரே கேட்டது.

கேட்டவர்களில் பலர் பண்ணையடிமைகள். குடும்பத் தலைவன் இறந்துவிட்டால், இருப்பதில் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார். காட்டில் விறகு வெட்டத் தடை, ஆற்றில் மீன் பிடிக்கத் தடை. இதற்கு மேல் தசமபாகம், கூலியில்லா வேலை. 1524 கோடையில் தென்மேற்கு ஜெர்மனியில் தொடங்கிய எதிர்ப்பு வேகமாகப் பரவியது.

1525 மார்ச்சில் மெமிங்கன் நகரில் அவர்களின் 12 கோரிக்கைகள் தொகுக்கப்பட்டன. இதைச் செய்தவர்கள் தோல் ஆடைத் தொழிலாளியான செபாஸ்டியன் லோட்சரும், பிரசங்கியார் கிறிஸ்டோஃப் ஷாப்பலரும் என்று கருதப்படுகிறது. இரண்டே மாதங்களில் சுமார் 25,000 பிரதிகள் அச்சாயின.

மூன்றாவது கோரிக்கைதான் மிக முக்கியமானது. பெரியவன், சிறியவன் என்ற பேதமின்றிக் கிறிஸ்து எல்லோரையும் மீட்டிருக்கும்போது, ஒரு மனிதனை இன்னொரு மனிதனின் உடைமை என்று எப்படிச் சொல்லலாம் என்று அது கேட்டது. அதே பத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. எங்களுக்கு அதிகாரிகளே வேண்டாம் என்று கேட்கவில்லை, நியாயமான விஷயங்களில் கீழ்ப்படிவோம் என்று அவர்களே எழுதினார்கள். கடைசிக் கோரிக்கையில், இவற்றில் ஏதாவது வேதத்துக்கு விரோதமானது என்று நிரூபித்தால் அதைக் கைவிடுகிறோம் என்றும் உறுதி கொடுத்தார்கள்.

பொறுப்பற்றவர்கள் எழுதிய கடிதமா இது?

லூத்தரின் பதில்

1525 ஏப்ரலில் லூத்தர் சமாதானம் வேண்டி ஒரு நூல் எழுதினார். முதல் பகுதியில் பிரபுக்களைக் கடுமையாகச் சாடினார். இந்தக் கலகத்துக்குக் காரணமே அவர்களின் பேராசைதான் என்றார். ஆனால் குடியானவர்களிடம் திரும்பியபோது, கிறிஸ்தவச் சுதந்திரத்தை உடல் சார்ந்த சுதந்திரமாக மாற்றிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டினார். ஆபிரகாமிடமும் அடிமைகள் இருந்தார்களே, அடிமையாக இருந்துகொண்டே ஒருவன் நல்ல கிறிஸ்தவனாக இருக்கலாமே என்பது அவர் வாதம். இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்று யோசனையும் சொன்னார்.

காலம் கடந்துவிட்டது. ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு அன்று வைன்ஸ்பெர்க் என்ற ஊரில் ஒரு பிரபுவையும் அவருடைய வீரர்களையும் குடியானவர்கள் ஈட்டிகளுக்கு நடுவே ஓடவிட்டுக் கொன்றார்கள். மடங்கள் கொள்ளையடிக்கப்பட்டன. சுதந்திரம் கேட்டு எழுந்த கூட்டத்தில் பொறுப்பை மறந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை.

மே மாதத்தில் லூத்தர் இன்னொரு சிறு நூல் எழுதினார். கலகக்காரர்களை வெறிநாயைக் கொல்வதுபோல் வெட்டிச் சாய்க்கலாம் என்ற அளவுக்கு அதன் மொழி போனது. அது வாசகர் கைக்கு வந்தபோது படுகொலைகள் நடந்துகொண்டிருந்தன. மே 15 அன்று ஃபிராங்கன்ஹவுசனில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அவர்களை அழித்த படைகளில் ஒன்று லூத்தரை ஆதரித்த ஹெஸ்ஸெ இளவரசர் பிலிப்புடையது, மற்றொன்று லூத்தரை வெறுத்த சாக்ஸனி பிரபு ஜார்ஜுடையது. மதத்தில் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். குடியானவர்களோடு நின்ற போதகர் தாமஸ் முன்ட்சர் மே 27 அன்று தலை வெட்டப்பட்டார்.

நண்பர்களே வருத்தப்பட்டதால், லூத்தர் அந்த நூலுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினார். ஆனால் எழுதியதைத் திரும்பப் பெறவில்லை.

தமிழகத்தில் ஓர் எதிரொலி

இதே கேள்வி சில நூற்றாண்டுகள் கழித்துத் தமிழ் மண்ணிலும் எழுந்தது. தரங்கம்பாடி, தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. 1833 இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். பின்னர் வந்த லூத்தரன் லைப்சிக் மிஷன், சாதி என்பது சமூக ஏற்பாடு, அதை வற்புறுத்தி ஒழிக்கக் கூடாது என்ற நிலை எடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தவர், தமிழை நேசித்தவர். ஆனாலும் ஆத்துமாவுக்கு விடுதலை, உடம்புக்குப் பழைய இடம் என்ற 1525 ஆம் ஆண்டு வாதம் இங்கே வேறு உடையில் வந்தது.

முடிவாக

லூத்தரின் 1520 ஆம் ஆண்டு நூல் தவறு என்று சொல்ல முடியாது. அன்பில்லாத சுதந்திரம் சுயநலமாகிவிடும் என்பதை அவ்வளவு தெளிவாகச் சொன்ன நூல்கள் குறைவு. தவறு நடந்தது, அந்தப் பொறுப்பை யாரிடம் கேட்டார் என்பதில். எல்லோருக்கும் வேலைக்காரனாக இரு என்ற வார்த்தை, மாடு ஓட்டிச் செல்லும் பிரபுவுக்குத்தான் முதலில் பொருந்தும். பிரபுக்களைக் கண்டித்ததோடு லூத்தர் நிறுத்திக்கொண்டார், வாளை எடுக்கச் சொன்னதும் அவர்களிடமேதான். பொறுமையைக் குடியானவனிடம் மட்டும் கேட்டார். ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்தவனும் அவன்தான்.

பவேரியாவில் பண்ணையடிமை முறை 1808 இல் ஒழிக்கப்பட்டது. மெமிங்கனில் 12 கோரிக்கைகள் எழுதப்பட்டு அப்போது 283 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025 இல் அதே நகரம் அவற்றின் 500 ஆம் ஆண்டைக் கொண்டாடியது.

தான் பெற்ற சுதந்திரத்தைப் பக்கத்தில் இருப்பவனுக்கும் கிடைக்கச் செய்வதுதான் ஒரு கிறிஸ்தவனின் முதல் பொறுப்பு. அதை அந்தத் தோல் தொழிலாளி புரிந்துகொண்ட அளவுக்கு, அவருக்கு வேதத்தைத் தாய்மொழியில் கொடுத்த பேராசிரியர் புரிந்துகொள்ளவில்லை.