சட்டம் வந்தது; வழி எப்போது வந்தது?

லூமுட் படகுத்துறையில் பங்கோர் தீவுக்குப் படகு ஏறுகிறவர்களில் பலருக்கு அந்த ஊரின் பழைய கதை தெரியாது. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கையின்படி, லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி பிரிட்டிஷாரின் நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்தது. 1935இல்தான் அது மீண்டும் பேராக் மாநிலத்தின் கைக்கு வந்தது.

அந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1872இலேயே தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. இந்தியாவில் 1860இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது அது. பாலியல் வல்லுறவு குற்றம் என்று அதன் 375ஆவது பிரிவு சொன்னது. மலேசியாவில் இன்றும் அந்தக் குற்றத்துக்கு அதே எண்தான்.

சட்டம் இருந்தது, சரி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பெண்ணுக்கு அந்தச் சட்டத்திடம் போய்ச் சேர வழி இருந்ததா?

குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்கு இறக்குபவர் கங்காணி. கணக்கு எழுதுபவர் கிராணி. எல்லாருக்கும் மேலே துரை. தவறு செய்தவர் அவர்களில் ஒருவராக இருந்தால், புகாரும் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். வாய் திறந்தால் வேலையும் வீடும் ஒன்றாகப் போய்விடும். போதாக்குறைக்கு, "மானம் போச்சே" என்று பெண்ணையே குற்றம் சொல்லும் ஊர் வாய் வேறு.

இந்த மௌனம் 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் உடைந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்ற தொழிலாளர் சங்கத்தின் துணையோடு தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம் கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் அவமானம் வேண்டாம் என்றார்கள். அதே பட்டியலில், தங்கள் பெண்களிடம் துரைமாரும் தோட்ட அதிகாரிகளும் முறைகேடாக நடந்துகொள்வது நிற்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது.

அதை அவர்கள் ஒரு குடும்பத்தின் மானப் பிரச்சினையாக மூடி வைக்கவில்லை. எல்லாருடைய உரிமையாக எழுதி வைத்தார்கள். பதில் என்ன கிடைத்தது? நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பட்டியல் எழுதப்பட்டது, நீதிமன்றக் கதவு திறக்கவில்லை.

அந்தக் கதவைத் தட்டும் வேலையை 1980களில் நாட்டின் பெண்கள் இயக்கங்கள் எல்லா இனத்தவரும் சேர்ந்து கையில் எடுத்தன. 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. வல்லுறவுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறை என்றானது. சிறுமிகளுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் வயது 14லிருந்து 16க்கு உயர்ந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பழைய வாழ்க்கையைக் கிளறிக் கேள்வி கேட்பதற்குச் சாட்சியச் சட்டத்தின் 146ஏ பிரிவு கட்டுப்பாடு விதித்தது.

1990களில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. கோலாலம்பூர் மருத்துவமனையில், சிகிச்சை, தடயச் சோதனை, மனநல ஆலோசனை, போலீஸ் புகார் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும் ஏற்பாடு தொடங்கி, பிறகு மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. நடந்ததை ஒவ்வொரு முகப்பிலும் மீண்டும் மீண்டும் சொல்லும் கொடுமை இதனால் குறைந்தது. 2017இல் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்குத் தனிச்சட்டமும் தனி நீதிமன்றமும் வந்தன. வேறு சாட்சியம் இல்லையென்றாலும், நம்பத்தக்க குழந்தையின் வாக்குமூலத்தைக் கொண்டே தண்டனை வழங்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

எண்ணிப் பாருங்கள்: 375ஆவது பிரிவு வந்து, 146ஏ வருவதற்கு 117 ஆண்டுகள் ஆயின!

இன்று தோட்டத்து மக்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். கங்காணியும் இல்லை, துரையும் இல்லை. ஆனால் தவறு செய்பவர் முதலாளியாகவோ சொந்தக்காரராகவோ இருக்கும்போது, பழைய பயம் அப்படியே திரும்பி வருகிறது. "இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?" என்பதே வீட்டில் எழும் முதல் கேள்வி.

அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, கூடவே எழுந்து மருத்துவமனைக்குப் போக ஒருவர் போதும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகவே போகலாம். 15999 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். 1941இல் அந்தப் பாட்டாளிகள் கேட்ட வழி இப்போது இருக்கிறது. அதில் துணையாக நடக்க வேண்டியது குடும்பம்தான்.