மந்திரக் கதையும் மருமகளின் கேள்வியும்

சென்ற மாதம் மருமகள் போன் செய்தாள். "மாமா, பாப்பா ஹாரி பாட்டர் புத்தகம் கேட்கிறாள். அது மந்திரவாதப் புத்தகம், வீட்டில் சேர்க்காதே என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்றீங்க?"

முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் நான். இரண்டு பக்கமும் படிக்காமல் குறிப்பு எழுதியதில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

கேள்வி எனக்குப் புதிதல்ல. 1960 வாக்கில் புதுச்சேரியில் நான் சிறுவன். எதிர்வீட்டு நண்பனிடம் விக்கிரமாதித்தன் கதையை இரவல் வாங்கி வந்தேன். அந்த ஞாயிறு பிரசங்கத்தில் பேய், பில்லிசூனியம் பற்றி சாமியார் பேசியிருந்தார். அட்டையில் வேதாளத்தைப் பார்த்த அம்மா, புத்தகத்தை அடுப்பில் வைத்துவிட்டார். அப்பா காசு கொடுத்தனுப்பினார். நண்பன் வீட்டில் வாங்கவில்லை. அவன் அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே வருடம் பள்ளியில் எங்களுக்குப் பாடம் பெரோவின் 'சாந்த்ரியோன்'. 1697இல் வெளிவந்த கதை. நீங்கள் சிண்ட்ரெல்லா என்று அறிந்தது. பூசணிக்காயை வண்டியாக்கும் தேவதை அதில் வருகிறாள். அதைக் கேட்டு அம்மா சிரித்தார்.

வேதாகமம் மந்திரவாதத்தைத் தெளிவாகத் தடுக்கிறது. இணைச்சட்டம் 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். திருத்தூதர் பணிகள் 19இல் எபேசு நகரத்தார் தங்கள் நூல்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. புத்தகத்தை எரிப்பவர்கள் காட்டும் ஆதாரம் இதுதான். ஆனால் அவை மந்திரம் செய்து வந்தவர்கள் வைத்திருந்த தொழில் நூல்கள். பாட்டி சொல்லும் கதைகள் அல்ல.

அடுத்து, ரோமாபுரியின் தடை நூல் பட்டியல். பாப்பரசர் நான்காம் பவுல் 1559இல் வெளியிட்டார். 1966இல்தான் அதன் சட்ட வலிமை நீக்கப்பட்டது. விக்தோர் உய்கோவின் 'நோத்ர்தாம் த பாரி' 1834இல் அதில் ஏறியது. அந்த நாவலில் மந்திரமே இல்லை. குற்றமற்ற ஒரு பெண்ணை மந்திரக்காரி என்று பழி சுமத்தித் தூக்கிலிடுகிறார்கள், அவ்வளவுதான். அவருடைய 'லே மிசெராப்ள்' 1864இல் ஏறி, 1959இல் இறங்கியது. சில வருடம் கழித்து, சிறுமி கோசெத் இருட்டில் தண்ணீர் வாளி சுமக்கும் பகுதியை எங்கள் வகுப்பில் வாசித்தோம். பையன்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். நேற்று வரை பாவமாக இருந்தது இன்று பாடம்!

ஹாரி பாட்டருக்கு வருவோம். முதல் பாகம் 1997இல் வந்தது. 2003 பிப்ரவரியில் வத்திக்கானில் நடந்த பத்திரிகையாளர் கூட்டத்தில் ஒரு குரு, இக்கதைகள் நன்மை தீமையைப் பிரித்தறியக் குழந்தைகளுக்கு உதவுகின்றன என்ற கருத்தில் பேசினார். அடுத்த மாதமே கர்தினால் ராட்சிங்கர், இக்கதைகளைக் குறைகூறி எழுதிய ஒரு ஜெர்மானிய எழுத்தாளருக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். பிள்ளைகளின் விசுவாசத்தை இவை மறைமுகமாகக் கெடுக்கக்கூடும் என்று அதில் கவலைப்பட்டார். அவர் பதினாறாம் பெனடிக்ட் ஆன 2005இல் அந்தக் கடிதம் உலகெங்கும் செய்தியானது. அவர் காலத்திலேயே, 2009இல், வத்திக்கான் நாளிதழ் ஹாரி பாட்டரின் ஆறாவது படத்தைப் பாராட்டியது. ஆக, ரோமாபுரியிலேயே ஒரே குரல் இல்லை.

இன்னொன்று. 1954இல் நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே வருடம், மந்திரவாதி கந்தால்ஃப் வரும் 'லார்டு ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வெளிவந்தது. எழுதிய டோல்கியன் பக்தியுள்ள கத்தோலிக்கர்.

மருமகளின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. என் அம்மாவுக்கு இருந்ததும் அதே பயம்தான். பிள்ளை கெட்டுவிடக்கூடாது என்ற பயம். ஆனால் அன்று அம்மா அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது என்னோடு உட்கார்ந்து வாசித்திருந்தால், விக்கிரமாதித்தன் வேதாளத்துக்கு அடிமையாகவில்லை என்பது தெரிந்திருக்கும். எனக்கும் ஒரு நண்பன் மிஞ்சியிருப்பான்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன். "வாங்கிக் கொடும்மா. லீவுக்கு வரும்போது பாப்பாவைப் புத்தகத்தோடு அனுப்பு. நானும் கூட உட்கார்ந்து படிக்கிறேன்" என்றேன்.

"சரி மாமா. ஜெபக்குழுவில் கேட்டால்?"

"மாமா படிக்கக் கேட்டார் என்று சொல்" என்றேன்.